பச்சையும் பொன்னும்

2025ஆம் ஆண்டு மே 21ஆந் திகதி இரவு, நித்திரை விழித்திருந்து ஒரு தோல்வியைக் கண்டேன். ஸ்பெயின் நாட்டுப் பில்பாவோ நகரில் நடைபெற்ற ஐரோப்பா லீக் இறுதியாட்டத்தில், மன்செஸ்ரர் யுனைற்றெட் அணி ரொட்டன்ஹாம் அணியிடம் ஒரேயொரு கோலினால் தோற்றது. சரியாகப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர், 2008 மே 21ஆந் திகதி இரவு, அதே அணி மொஸ்கோவில் செல்சியை வென்றபொழுது, பேராதனை விடுதியில் நாங்கள் இருபதுபேர் ஒரு சிறு தொலைக்காட்சிப் பெட்டியைச் சூழ்ந்துநின்று ஆர்ப்பரித்தோம். இம்முறை நான் தனித்திருந்தேன். “வாரந்தோறும் பெருஞ் சம்பளம் வாங்கியும் ஓடமாட்டாத சோம்பேறிகள்!” என்று ஏசிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள், சிவந்த கண்களோடு உயர்தர வகுப்பினுள் நுழைந்தேன். காரணத்தை அறிந்த மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: “சேர், உழைப்பவனின் பயனை உடைமையாளன் கொண்டுபோகிறான் என்று எங்களுக்குச் சொல்லுகிறீர்கள். நியூயோர்க் பங்குச் சந்தையில் விலைபோகும் ஒரு கம்பனிக்காகவா நீங்கள் விழித்திருந்தீர்கள்?”

வகுப்பு சிரித்தது. நானுஞ் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

நான் நேசித்தது கம்பனியையா? 1878இல் இக்கழகத்தைத் தோற்றுவித்தோர், மன்செஸ்ரரின் நியூற்றன் ஹீத் பகுதியில் புகையிரதப் பெட்டிகள் செய்த பட்டறைத் தொழிலாளர். பச்சையும் பொன்னுமே அவர்கள் அணிந்த நிறங்கள். 1958இல் மியூனிக் விமான விபத்தில் எட்டு ஆட்டக்காரர் மாண்டனர்; பத்தே ஆண்டுகளில், 1968இல், கழகம் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. சாம்பலிலிருந்து எழுந்த அந்தக் கதைதான் என்னை ஈர்த்தது.

2005இல் அமெரிக்கக் கிளேசர் குடும்பத்தினர் ஏறத்தாழ 79 கோடிப் பவுணுக்குக் கழகத்தை வாங்கினர். அப்பணத்திற் பெரும்பகுதி கடன். வாங்கியவர்பட்ட கடனின் பாரம், அதுவரை கடன் தொல்லையின்றியிருந்த கழகத்தின் தலையிலேயே சுமத்தப்பட்டது. வீட்டை வாங்குவதற்குப் பட்ட கடனுக்கு வீட்டையே வட்டி கட்டவைத்த விந்தை இது! வெற்றிகள் தொடர்ந்தமையால் என்போன்றோர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 2013இல் பெர்குசன் ஓய்வுபெற்றபின் மூடுதிரை விலகியது. 2024 வரையில் நிரந்தரப் பயிற்றுநராக அறுவர் மாறிமாறி வந்தனர். 2024-25 பருவத்தில் அணி 38 ஆட்டங்களுள் 18இல் தோற்று, 42 புள்ளிகளுடன் பதினைந்தாம் இடத்துக்கு இறங்கியது.

களத்தில் ஆடியோர் தோற்றனர். தண்டனை பெற்றோர் யார்? 2024இல் ஏறத்தாழ 250 ஊழியர் வேலையிழந்தனர். 2025இல் மேலும் 200 பேர் வரையில் நீக்கப்படுவரென அறிவிக்கப்பட்டது. எஞ்சியோரின் இலவச மதியவுணவும் பறிபோனது. தொழிலாளர் தோற்றுவித்த கழகத்தில் தொழிலாளியின் சோற்றுத் தட்டிலா சிக்கனம் தொடங்கவேண்டும்? இச்செய்தியை நான் அந்த இரவுக்கு முன்னரே வாசித்திருந்தேன். அப்படியிருந்தும் ஆட்டக்காரரையே ஏசினேன். கண்முன் ஓடுபவனைத் திட்டுவது எளிது; கணக்குப் புத்தகத்தின் பின்னால் இருப்பவன் தொலைக்காட்சியிலே தோன்றுவதில்லை.

மன்செஸ்ரர் மக்கள் என்னிலும் தெளிவானவர்கள். 2005இலேயே ஒரு பகுதியினர் வெளியேறி, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கென்ற நியதியில் எவ்.சி. யுனைற்றெட் என்ற தமது சொந்தக் கழகத்தை அமைத்தனர். 2010இல் ஆயிரக்கணக்கானோர், பழைய பட்டறைத் தொழிலாளரின் பச்சையும் பொன்னும் கலந்த கழுத்துத்துணிகளை அணிந்து எதிர்ப்புக் காட்டினர். 2021 மே 2ஆந் திகதி மைதானத்தினுள்ளேயே புகுந்தனர். லிவர்பூலுடனான அன்றைய ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அம்மாணவனுக்கு என்ன விடை சொல்வேன்? கம்பனிக்காக விழித்திருக்கவில்லை என்று சொல்லவே விருப்பம். ஆனால் அது முழு உண்மையன்று. தொலைக்காட்சிக்கு நான் செலுத்தும் சந்தாவும், தூக்கமற்ற என் கண்களுங்கூட அவர்களது வியாபாரச் சரக்கே. இருந்தும் அடுத்த ஆட்டத்தையும் நான் பார்ப்பேன். பட்டறையில் பிறந்த ஒன்றை, வாங்கியவனுக்கே உரியதென்று விட்டுக்கொடுக்க மனம் ஒப்பவில்லை. இனிமேல் ஏசும்போதாவது, உரிய முகவரிக்கு ஏசவேண்டும். அதனை எனக்குக் கற்பித்தவன் என் மாணவன் என்பதை, நாளை வகுப்பிலேயே ஒப்புக்கொள்வேன்.