பாண்டியில 'பல்ப்' வாங்கின கதை!

பாண்டிச்சேரின்னதும் உங்க மனசுல என்ன ஓடும்? பீச் ரோடு, ஒயிட் டவுன், சிவப்புத் தொப்பி போலீஸ்... கரெக்ட்டா? எனக்கு மட்டும் முதல்ல ஞாபகம் வர்றது ஒரு ஹெட்லைட் பல்ப்! சிரிக்காதீங்க பாஸ், கதையைக் கேளுங்க.

மே மாச சனிக்கிழமை. அப்பாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கின பழைய கார். நாலு பேர் பாக்கெட்டையும் தட்டினதுல சேர்ந்தது 3,200 ரூபாய். திருவான்மியூர்ல கிளம்பி இ.சி.ஆர். பிடிச்சாச்சு. மரக்காணம் உப்பளம் ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேர்னு ஓடுது. காலாப்பட்டுல யுனிவர்சிட்டி கேட் தாண்டுற வரைக்கும் டெம்பரேச்சர் முள் சமத்தா நடுவுலயே நின்னுச்சு.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு தாண்டினதும் டிராஃபிக். வண்டி ஊர்ந்தது. முள் மெதுவா மேல ஏற ஆரம்பிச்சது. அஜந்தா சிக்னல்ல சிவப்பு விழுந்தப்போ முள்ளும் சிவப்புக் கோட்டைத் தொட்டுடுச்சு! ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணினோம். பீச் அங்கேருந்து கூப்பிடு தூரம்தான். "அவ்ளோ தூரம் ஓட்டிடலாம்டா"ன்னான் ஒருத்தன். ஓட்டியிருந்தா ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். அப்புறம் அப்பா முகத்துல எப்படி முழிக்கிறது? இன்னொருத்தன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கையை வெச்சான். இழுத்துப் பிடிச்சோம். சூடா இருக்கும்போது அதைத் திறந்தீங்கன்னா கொதிக்கிற தண்ணி முகத்துல பீய்ச்சி அடிக்கும். ஆறுற வரைக்கும் தொடவே கூடாது.

பக்கத்துல இருந்த ஒரு மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "ஃபேன் சுத்தல. மோட்டார் போச்சு. 4,500 ஆகும்"னார். டூர் பட்ஜெட்டே 3,200! எங்க ஈ.சி.ஈ. புலி விடுவானா? பையிலேருந்து மல்டிமீட்டரை எடுத்தான். ஃபேன் பிளக்கைக் கழட்டி, ஏ.சி.யைப் போடச் சொல்லி, ஒயர்ல அளந்தான். 12 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. "கரன்ட் வருது மச்சி, மோட்டார்தான் அவுட்"னு தீர்ப்பு சொல்லிட்டான். ஊருக்குத் திரும்பிடலாம்னு முடிவே பண்ணிட்டோம்.

அப்பத்தான் லாஸ்பேட்டையில படிக்கிற ஃப்ரெண்ட் ஒருத்தன் போன்ல ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனை அனுப்பி வெச்சான். நெல்லித்தோப்புலேருந்து மொபெட்ல வந்தவர் பானெட்டைக்கூட பார்க்கல. முதல் கேள்வி... "ரோட்ல வேகமா வர்றப்ப சூடாச்சா தம்பி?"

"இல்லண்ணே... ஊருக்குள்ள வந்தப்புறம்தான்."

"அப்ப உள்ள தண்ணி ஒழுங்கா ஓடுது. காத்துதான் வரல."

யோசிச்சுப் பாருங்க... 80 கிலோமீட்டர் வேகத்துல போறப்போ எதிர்காத்தே ரேடியேட்டரைக் குளிர வெச்சிடும். நின்னாதான் ஃபேன் வேணும். அதான் 150 கிலோமீட்டர் தெரியாத நோய், ஒரு சிக்னல்ல வெளிய வந்துச்சு.

அவர் பார்த்த வரிசையை நோட் பண்ணிக்கோங்க. முதல்ல ஃபியூஸ். நல்லா இருந்தது. (அது போயிருந்தா அதே ஆம்பியர்தான் போடணும். பெருசு போட்டா ஒயர் எரியும்.) அடுத்தது ரிலே. ஏ.சி. போட்டதும் 'டிக்'னு சத்தம் வந்தது. ஆனா சத்தம் வந்தா மட்டும் பத்தாது, உள்ள காண்டாக்ட் கருகியிருக்கலாம். ஹாரன் ரிலேயும் அதே நம்பர்தான்னு பார்த்துட்டு, ரெண்டையும் மாத்திப் போட்டார். ஹாரன் அடிச்சது, ஃபேன் சுத்தல. ஆக, ரிலேவும் ஓகே.

அப்புறம்தான் ஹீரோ என்ட்ரி! ரெண்டு ஒயர் கட்டின பழைய ஹெட்லைட் பல்ப். ஃபேன் பிளக்கோட ரெண்டு முனையிலயும் வெச்சார். பல்ப் மினுக்மினுக்னு அழுதுச்சு. ஒரு ஒயரை மட்டும் எடுத்து பேட்டரி மைனஸ்ல வெச்சார். பளீர்!

"பிளஸ் சரியா வருது. எர்த்துதான் கோளாறு"ன்னார்.

அப்ப மீட்டர் பொய் சொல்லுச்சா? இல்லீங்க. பிளஸ் டூ ஃபிசிக்ஸ்ல படிச்ச ஓம் விதிதான். மீட்டர் இழுக்கிற கரன்ட் ஏறக்குறைய பூஜ்ஜியம். அதனால நடுவுல எவ்வளவு ரெசிஸ்டன்ஸ் இருந்தாலும் வோல்ட்டேஜ் குறையாது. 60 வாட் பல்ப் 5 ஆம்பியர் கேட்கும். ஃபேன் 15 ஆம்பியர் கேட்குதுன்னு வைங்க, ஜாயின்ட்ல வெறும் 0.2 ஓம் இருந்தாலே 3 வோல்ட் காலி! எங்க கார்ல அதுக்கும் மேல. சுமை ஏத்தினாதான் ஒயரோட உண்மையான பலம் தெரியும்.

ஹெட்லைட்டுக்குக் கீழ பாடியில முடுக்கியிருந்த எர்த் ஒயரைக் காட்டினார். வருஷக்கணக்கா கடல் காத்துல நிக்கிற வண்டியாச்சே... ஒரே பச்சைக் களிம்பு, துரு! உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, முடுக்கி, கிரீஸ் தடவினார். ஏ.சி.யைப் போட்டதும் 'விர்ர்ர்ர்'. ஓடுற மோட்டாரோட மைனஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல நம்ம புலியையே அளக்கச் சொன்னார். 0.1 வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டினா எர்த் சரியில்லைன்னு அர்த்தமாம். கூலன்ட் லெவலையும் பார்த்துட்டுத்தான் கிளம்பினார். கூலி 200 ரூபாய்!

உங்களுக்கும் இப்படி ஆச்சுன்னா, ஏ.சி.யை ஆஃப் பண்ணிட்டு ஹீட்டரை ஃபுல்லா வைங்க. வேர்த்து ஊத்தும்தான், ஆனா இன்ஜின் சூடு கொஞ்சம் வெளிய போகும். அந்த கேப்ல ஓரங்கட்டி நிறுத்திடுங்க. சில கார்கள்ல சாவியை எடுத்தப்புறமும் ஃபேன் திடீர்னு சுத்தும், விரல் ஜாக்கிரதை! புது கார்கள்ல ஃபேனைக் கம்ப்யூட்டர் ஆட்டி வைக்குது. அதுல ஒயரைக் கண்டபடி ஷார்ட் பண்ணிப் பார்க்காதீங்க.

சாயங்காலம் 6 மணிக்கு மேல பீச் ரோட்டுல வண்டிக்கு அனுமதி இல்லை. காரை ஒரு தெருவுல நிறுத்திட்டு காந்தி சிலை வரைக்கும் நடந்தோம். பையில மிச்சம் 3,000 ரூபாய். கடல் காத்து ஜில்லுன்னு அடிச்சது. எங்க எர்த்தைத் தின்ன அதே காத்துதான்... ஆனா அன்னிக்கு யாருக்கும் அதுமேல கோபமே வரல!