350 நாள்

இலங்கையில் ஒரு வருட வாரண்டி என்றால் பல கடைகளில் 350 நாள். நம்பாவிட்டால் வீட்டில் கிடக்கிற கொம்பியூட்டர் பில்லை எடுத்துப் பாருங்கள். அடியில், எறும்பு மாதிரி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கும். மிச்சம் 15 நாள் எங்கே போனது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் எழுதியிருப்பார்கள்: எரிந்த அடையாளம் இருந்தால் இல்லை, கறள் பிடித்தால் இல்லை, மின்னல் அடித்தால் இல்லை.

பெரியம்மாவின் மகன், எங்களுக்கு அண்ணை, வான் ஓடுகிறவர். யாழ்ப்பாணத்தில் இருந்து கட்டுநாயக்காவுக்கு ஆட்களைக் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் வருமானம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் எல்லாரும் பழைய வாகனத்துக்குப் புதுச் சாமான் பூட்டித்தான் சமாளித்தார்கள். அண்ணையும் கொழும்பில் ஒரு கடையில் வழிகாட்டுகிற அன்ட்ரொய்ட் செற் ஒன்று பூட்டினார். பதின்மூன்றாம் மாதம் அதற்குத் திசை கெட்டது. பாட்டுப் பாடும், ரிவர்ஸ் கமரா காட்டும். தான் எங்கே நிற்கிறேன் என்பது மட்டும் தெரியாது. வான் நீர்கொழும்பில் நிற்கும், புள்ளி புத்தளம் களப்புக்குள் நிற்கும்.

போனில் மேப் இருக்கே என்று கேட்பீர்கள். அண்ணைக்குப் போன்தான் கந்தோர். விமானத்தால் இறங்கினவர் எடுப்பார், ஏற்றிவிட்டவர் எடுப்பார், நாளைக்கு ஹயர் கேட்கிறவர் எடுப்பார். சரியாகச் சந்தியில் திரும்பவேண்டிய நேரத்தில் அழைப்பு வந்து மேப்பை மறைக்கும். வெயிலில் கண்ணாடியோடு ஒட்டிவைத்த போன் சூடேறித் தானாகவே நிற்கும்.

ஏ9 வீதியைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓடுவார். சிக்கல் கடைசி இரண்டு கிலோமீற்றர்தான். இரவு இரண்டு மணிக்கு வத்தளையில் ஏதோ ஒரு ஒழுங்கை, பலகை இருந்தாலும் சிங்களத்தில், வழி கேட்க நாயைத் தவிர ஒருத்தரும் இல்லை. ஒருமுறை கனடாவில் இருந்து வந்த குடும்பம் பின் சீற்றில் இருந்து தங்கட போனைப் பார்த்து அவருக்கு வழி சொல்லத் தொடங்கியது. திரும்பிப் போகும்போது அவர்கள் வேறு வான் பிடித்தார்கள்.

கடைக்கு எடுத்தால், பெடியன் பில் திகதியை மட்டும் கேட்டான்.

"வாரண்டி முடிஞ்சுது அண்ணே. போர்ட் போயிருக்கும். செற்றை மாத்துங்க, 48 ஆயிரம் வரும்."

வானைப் பார்க்கவில்லை, செற்றைத் தொடவில்லை, போனிலேயே நோய் கண்டுபிடித்தாயிற்று. 350 நாளுக்குள் எடுத்திருந்தால் அதே பெடியன் வயரை ஆட்டிப் பார்த்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தச் செற்றுகளில் ஜிபிஎஸ் அன்ரனா தனிச் சாமான். நெருப்புப்பெட்டியை விடச் சின்னக் கறுப்புச் சதுரம், அடியில் காந்தம், ஒரு மெல்லிய நீள வயர். 20,000 கிலோமீற்றருக்கு மேலே சுற்றுகிற செய்மதியில் இருந்து வருகிற சிக்னல் இங்கே வரும்போது மிக மெலிந்துதான் வரும். அதைப் பெருப்பிக்கிற சின்னச் சுற்று அன்ரனாவுக்குள் இருக்கிறது, அதற்கு மின்சாரம் போவதும் அதே வயரால்தான். வயர் நசிந்தால் இரண்டுமே கெடும். இடம் காட்டக் குறைந்தது நாலு செய்மதியாவது பிடிபடவேண்டும்.

முற்றவெளியில், மேலே மரமும் இல்லை மாடியும் இல்லாத இடத்தில் வானை விட்டுவிட்டு, செய்மதிகளை எண்ணிக்காட்டுகிற இலவச அப் ஒன்றைச் செற்றிலும் போனிலும் போட்டோம். போனில் இருபதுக்கு மேல். செற்றில் ஒன்று, சிலநேரம் இரண்டு. முதலில் டாஷ்காமைக் கழற்றினோம். மலிவான டாஷ்காமும் சார்ஜரும் பக்கத்தில் இருந்தால் ஜிபிஎஸ்ஸைக் குழப்பும். மாற்றமில்லை. முன்கண்ணாடியில் உலோகம் கலந்த ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தாலும் சிக்னல் மறிபடும், இந்த வானில் அது இல்லை. பிறகு அண்ணையின் கூட்டாளி தன் வானில் இருந்த அன்ரனாவைக் கழற்றித் தந்தார். செற்றின் பின்பக்கம் திருகிவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தோம். இரண்டு நிமிசத்தில் பதினொன்று. போர்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பழைய வயரைப் பின்தொடர்ந்து போனால், டாஷ்போர்ட்டுக்குள் ஒரு தகட்டுக்கும் ஸ்குரூவுக்கும் இடையில் நசிந்து கிடந்தது. பூட்டின அன்றைக்கே அப்படி வைத்து முறுக்கியிருக்கிறார்கள். வான் குலுங்கக் குலுங்கத் தகட்டு விளிம்பு உறையை அரைத்து உள்ளே போயிருக்கிறது. பழுது முதல் நாளே பூட்டியாயிற்று, அது வெளியே தெரிய 13 மாதம் எடுத்தது, அவ்வளவுதான். பஞ்சிகாவத்தையில் புது அன்ரனா 1,800 ரூபாய். இந்த முறை வயரை நாங்களே ரேப் சுற்றி, விளிம்பில் படாமல் கொண்டுபோனோம்.

எனக்கு இதை விட மனமில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி அங்கே முறையிடலாம். நசிந்த வயரைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பில்தான் பிரச்சினை. சூட்டில் அச்சாகிற அந்தக் கடதாசி வானின் லாச்சிக்குள் கிடந்து வெளுத்து, கடையின் பெயரும் அந்த 350உம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. இப்படியான பில்லை வாங்கின அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள்.

அண்ணைக்கோ கடிதம் எழுதுகிற எண்ணமே இல்லை. "48 ஆயிரம் மிஞ்சினதே காணும். அவனோட கொழுவிக்கொண்டு என்னடா செய்யிறது? பின்பக்க ஸ்பீக்கரும் அவன்தான் பூட்டினவன், அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் வாரண்டி கிடக்கு."