'நீ யார் வீட்டுப் பிள்ளை?'

கனடாவின் மானிடோபா மாகாணத்தில், வின்னிபெக் நகரிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் ஸ்டைன்பாக் வந்துவிடும். மாவு அரைக்கும் பழைய பாணி காற்றாலைதான் ஊரின் அடையாளம். 2000-ல் தீயில் எரிந்துபோனது. அடுத்த ஆண்டே மறுபடி எழுப்பிவிட்டார்கள்.

விட்ட இடத்திலிருந்து மறுபடி எழுப்புவது இவர்களுக்குப் புதிதல்ல. 1874-ல் இந்த ஊரை உருவாக்கியவை 18 மென்னோனைட் குடும்பங்கள். ஆயுதம் தொட மாட்டோம் என்பவர்கள் இந்தக் கிறிஸ்தவர்கள். ஹாலந்து, பிரஷ்யா, இன்றைய உக்ரைன் என்று மூட்டை கட்டியபடியே இருந்தவர்கள். ரஷ்யப் பேரரசில் கட்டாய ராணுவ சேவை வருகிறது என்றதும் கனடாவுக்குக் கப்பலேறினார்கள்.

வழியில் சாப்பிட அவர்கள் கொண்டுவந்தது வறட்டி எடுத்த ஸ்வீபாக். பெரிய பன்னின் தலையில் குட்டி பன் உட்கார்ந்திருக்கும். அறுபது, எழுபது வருடங்களுக்கு முன் இங்கே வளர்ந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், முதலில் வருவது அந்த வாசனைதான். சனிக்கிழமை அடுப்பு எரியும். ஞாயிற்றுக்கிழமை சமையல் கூடாதே! சர்ச் முடிந்து மதியத் தூக்கம் போட்டு எழுந்தால் 'ஃபாஸ்பா'. ஸ்வீபாக், ஜாம், ஊறுகாய், ஆறிய இறைச்சி, காபி. சொல்லாமல் கொள்ளாமல் நாலு குடும்பம் வந்து நிற்கும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பாலாடைக்கட்டி வைத்து அவித்த 'வெரெனிக்கி', பார்ப்பதற்கு நம் கொழுக்கட்டையேதான். மேலே கிரீம் குழம்பு ஊற்றுகிறார்கள், அவ்வளவே வித்தியாசம்.

சீட்டாட்டம், நடனம் எல்லாம் பல வீடுகளில் பாவம். ஆனால் கிரோக்கினோல் ஆடலாம். வட்டப் பலகையில் காயைச் சுண்டும் ஆட்டம், கேரமுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

தெருவில் பெரியவர் யாராவது பிள்ளைகளைப் பார்த்தால் பெயரைக் கேட்க மாட்டார். 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்பார். ரைமர், பென்னர், ஃப்ரீசன் என்று ஊரே நாலைந்து குடும்பப் பெயருக்குள் அடக்கம் என்பதால், தாத்தாவின் பட்டப்பெயர் வரை சொல்லியாக வேண்டும். இந்தக் கேள்வி ஒரு பிள்ளைக்குப் பாதுகாப்பு, இன்னொரு பிள்ளைக்கு மூச்சுமுட்டல். இதே ஊரில் 1964-ல் பிறந்த மிரியம் டேவ்ஸ், இப்படியொரு கற்பனை ஊரில் திணறும் பெண்ணை வைத்து 2004-ல் எழுதிய நாவல் கனடாவின் உயரிய இலக்கிய விருதைப் பெற்றது.

அந்தக் கேள்வி கேட்கப்பட்ட மொழி ப்ளாட்டீச். அன்றாடம் பேசிய கீழ் ஜெர்மன். சர்ச்சில் வேறு ஜெர்மன். 1916-ல் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே என்று மாகாணம் சட்டம் போட்டபோது, ஆயிரக்கணக்கான மென்னோனைட்டுகள் 1922 முதல் மெக்ஸிகோவுக்கும், பிறகு பராகுவேக்கும் போனார்கள். அங்கே இன்றும் பிள்ளைகள் ப்ளாட்டீச்சில்தான் சண்டை போடுகிறார்கள். இங்கே தங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, பாட்டி சொன்ன நகைச்சுவை புரிவதில்லை. மொழிபெயர்த்தால் சிரிப்பு வருவதில்லை என்பது பாட்டிகளின் புகார்.

1967-ல் திறந்த அருங்காட்சியகத்தில் வீடும் மாட்டுத்தொழுவமும் ஒரே கூரைக்கடியில் இருக்கும் பழைய வீட்டைப் பார்க்கலாம். பக்கத்திலேயே உணவகம். கோடையில் போனால், எண்ணெயில் பொரித்த 'ரோல்குக்கன்' தர்பூசணித் துண்டோடு கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளைத் தலைகள் அதற்காகவே வருகிறார்கள். பக்கத்து மேசைக்காரரிடம் அவர்கள் முதலில் என்ன கேட்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.