உறைந்ததாக நம்பிய இயந்திரம்

வெப்பம் ஏற ஏற வெள்ளிச் சல்பைடின் மின்தடை குறைவதை 1833இல் கண்டவர் மைக்கேல் பாரடே. பனிக்கட்டி இயந்திரத்திலுள்ள மிளகளவு உணரியும் அத்தகைய குணத்தால்தான் குளிரை அறிகிறது.

கோச்சடையில் நாம் நற்கருணை கொண்டுசெல்லும் இல்லம் ஒன்றில், மருந்தால் வாய் புண்ணான அன்னைக்குப் பனிக்கட்டித் துண்டுகளே ஆறுதல். இயந்திரமோ பாதி உறைந்த நீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. போர்டையே மாற்றவேண்டும் என்றாராம் பழுதுபார்க்க வந்தவர். விலையைக் கேட்டு வீடு மௌனமாயிற்று. மகன் விடவில்லை. உணரியைக் கழற்றி, கடையில் வாங்கிய ஐஸை நொறுக்கிச் சிறிது நீர் விட்டு, அதில் அமிழ்த்தி மல்டிமீட்டரால் அளந்தார். உருகும் பனிக்கட்டி என்றால் 0 டிகிரி, ஐயமில்லை. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் உணரி அங்கே ஏறத்தாழ 32 காட்டவேண்டும். இதுவோ 70 காட்டிற்று. உறைநிலைக்குக் கீழே சுமார் 15 டிகிரி என்று பொருள். நீர் உறையுமுன்பே உறைந்ததெனக் கேட்ட போர்டு, பாவம், கீழ்ப்படிந்தது! மாற்றவேண்டியிருந்தது உணரியை மட்டுமே.

தவிர்க்கவியலா அறியாமையால் தவறும் மனச்சான்று தன் மாண்பை இழப்பதில்லை என்கிறது, 'இன்றைய உலகில் திருச்சபை' (1965) ஏட்டின் 16ஆம் எண். குருமடத்தில் இதற்கு இத்துணை எளிய உவமையை நமக்கு எவரும் தந்ததில்லை. ஆயினும் உண்மையைத் தேட அக்கறையற்றவருக்கு அதே எண் அச்சலுகையை அளிக்கவில்லை.