தேய்ந்தால் விலை ஏறும் எலி

சிவகிரிப் பக்கம் வயசான பாட்டிகளிடம் காசு கேட்டால் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பைதான் முதலில் வெளியே வரும். வெற்றிலை, பாக்கு, சில்லறை, மாத்திரை எல்லாம் அதற்குள்ளேயே. சட்டைப் பை இல்லாதவர்கள் கண்டுபிடித்த வழி அது.

ஜப்பானிலும் இதே சிக்கல் இருந்தது. கிமோனோவில் பாக்கெட் கிடையாது. புகையிலைப் பையையும் மருந்துச் சிமிழையும் ஒரு கயிற்றில் கட்டி, இடுப்புக் கச்சைக்குள் விட்டு மேலே இழுத்தார்கள். கயிறு நழுவாமல் இருக்க மறுமுனையில் ஒரு சின்னக் கட்டை. அதன் பெயர் நெட்சுகே. உள்ளங்கையில் அடங்கும் அளவு, கயிறு நுழைய இரண்டு ஓட்டை, அவ்வளவுதான்!

ஆனால் அந்தக் கட்டையில் எலி, எருது, முயல், குரங்கு என்று ஒரு மிருகக் காட்சிசாலையையே செதுக்கிவிட்டார்கள். இதில் ஒரு கஷ்டம் உண்டு. கொம்போ வாலோ துருத்திக்கொண்டு நின்றால் பட்டுத்துணி கிழியும். அதனால் எலி தன் வாலைச் சுருட்டி வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொள்ளும், எருது காலை மடக்கிப் படுத்துவிடும். கவிழ்த்துப் பார்த்தால் யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்தில்கூட பாதங்களைச் செதுக்கியிருப்பார்கள். (அந்தப் பாதத்துக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு.)

1781-ல் ஒசாகாவில் வந்த 'சோகென் கிஷோ' என்ற நூல் ஐம்பதுக்கும் மேற்பட்ட நெட்சுகே சிற்பிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கியோட்டோவின் தொமொததா எருது செதுக்குவதில் கெட்டிக்காரர். அவர் பெயரில் போலிகள் நிறைய என்று அப்போதே எச்சரிக்கையும் இருக்கிறது!

1868-க்குப் பிறகு ஜப்பானியர்கள் மெல்ல மெல்ல கோட்டும் கால்சட்டையும் போட ஆரம்பித்தார்கள். பாக்கெட் வந்தது, நெட்சுகேவுக்கு வேலை போனது. வீட்டில் சும்மா கிடந்ததை வெளிநாட்டுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பாரிஸில் சார்ல்ஸ் எஃப்ருஸ்ஸி என்ற பணக்காரர் 264 வாங்கினார். அவை கல்யாணப் பரிசாக வியன்னாவுக்குப் போயின. 1938-ல் நாஜிகள் அந்த யூதக் குடும்பத்தின் மாளிகையைப் பறித்தபோது, அன்னா என்ற பணிப்பெண் தினம் சிலவாகத் தன் ஏப்ரன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய் மெத்தைக்குள் ஒளித்து வைத்தாள். பாக்கெட் இல்லாததால் பிறந்த பொருளைக் காப்பாற்றியது ஒரு பாக்கெட். போர் முடிந்ததும் குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்தாள். அந்தக் குடும்பத்தின் வாரிசு எட்மண்ட் டி வால் 2010-ல் இந்தக் கதையை நூலாக எழுதினார். 2018-ல் அவற்றில் 79-ஐ அகதிகளுக்கு உதவ ஏலம் விட்டார்.

வணிகவியல் பாடத்தில் தேய்மானம் என்றால் வருஷா வருஷம் மதிப்பைக் குறைத்து எழுத வேண்டும். நெட்சுகே சேகரிப்பில் கணக்கே தலைகீழ். இடுப்பில் உரசி உரசி எலியின் முதுகு வழவழப்பானால், கயிற்று ஓட்டையின் விளிம்பு தேய்ந்தால், விலை ஏறும். பிசினில் வார்த்துத் தேயிலைச் சாயம் ஏற்றிய போலிகள் பிழைப்பு நடத்துவதும் இதனால்தான்.

இந்தியாவில் சேகரிக்க நினைப்பவருக்கு வேறொரு தடை. பழைய நெட்சுகேவில் கணிசமான பகுதி யானைத் தந்தம். ஜப்பானில் காட்டு யானை கிடையாது. தந்தம் கப்பலில் வந்தது. இங்கே 1972 வனவிலங்குச் சட்டத்தில் 1986-லும் 1991-லும் செய்த திருத்தங்கள் இந்திய, ஆப்பிரிக்கத் தந்த வியாபாரம் இரண்டையும் மூடிவிட்டன. நூறு வருஷப் பழசு, யானை செத்து எத்தனையோ காலம் ஆச்சு என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். பழசு என்ற பெயரில் புதுத் தந்தம் நுழைய அந்த ஒரு வழி போதுமே. மேற்கு மலையிலிருந்து சிவகிரித் தோப்புகளுக்கு யானை இறங்குகிறது. தென்னையைச் சாய்த்துவிட்டதே என்று விவசாயி புலம்புகிறார், ராத்திரி வெடி போட்டு விரட்டுகிறார். அவருக்கு யானை பெரிய தொல்லைதான். இருந்தாலும் அதன் கொம்பு ஏலத்துக்குப் போகக் கூடாது என்பதில் சட்டம் சொல்வதுதான் நியாயம்.

மர நெட்சுகேவுக்கு இந்தத் தந்தத் தடை இல்லை. இசே பக்கத்துச் சிற்பிகள் மரத்தில் செதுக்கிய தேரைகளைப் பார்த்தால் தந்தம் ஞாபகத்துக்கே வராது. தோலில் ஒவ்வொரு பருவும் தனித்தனியாகத் தெரியும், கவிழ்த்தால் விரல்களும்.