கன்னம் பட்ட இடம்

துப்பாக்கி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்லூரி என்.சி.சி.யில் சுட்ட நாலைந்து ரவுண்டுதான். ஒன்றுகூட இலக்கில் படவில்லை. அப்படிப்பட்டவனைத்தான் என் மச்சான் துணைக்குக் கூப்பிட்டார்.

''மாப்ளே, அப்பாவோட ரைஃபிள் கைக்கு வந்துடுச்சு. ரிப்பேருக்குக் குடுக்கணும். கோயமுத்தூர் வரைக்கும் கூட வாங்க.''

மாமனார் கூடலூர் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருந்தவர். அவருடையது .315 ரைஃபிள். இந்த அளவுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ராணுவத்தின் .303 தோட்டா பொதுஜனங்கள் கையில் கிடைக்கக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்தான். அதனால் புழக்கத்துக்கு வந்த மாற்று அளவு இது. சுதந்திரத்துக்கு அப்புறமும் ஈஷாப்பூர் அரசுத் தொழிற்சாலை இதைத் தயாரித்தது. உள்ளே இருப்பது அதே பழைய லீ என்ஃபீல்டு அமைப்புதான்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, மாமனாரின் வேட்டை நின்றது. வாராவாரம் துடைத்து எண்ணெய் போடுவது மட்டும் நிற்கவில்லை. மகனைத் தொட விட்டதே இல்லை. அவர் காலமானபின், லைசென்ஸ் மகன் பெயருக்கு மாறும்வரை இரண்டு வருஷம் அது எங்கோ ஓர் அறையில் ஓதம் ஏறிக் கிடந்தது. திரும்பி வந்தபோது கட்டையில் பூஞ்சை, குழலில் துரு.

துப்பாக்கியை நம் இஷ்டத்துக்கு யாரிடமும் ரிப்பேருக்குக் கொடுக்க முடியாது, தெரியுமோ? அதற்கும் லைசென்ஸ் வைத்திருக்கும் கடைக்குத்தான் போகவேண்டும். கடைக்கார பாய்க்கு எழுபது வயதிருக்கும். மச்சான் ஒரு போட்டோவை நீட்டினார். பளபளா வார்னிஷ், மேலே டெலஸ்கோப், பின்னால் ரப்பர் பட்டை.

''பண்ணலாம். அமெரிக்காக்காரன் இதைத்தானே பண்ணினான்'' என்றார் பாய். இரண்டாம் உலகப் போர் முடிந்து மலிவாக வந்த ராணுவத் துப்பாக்கிகளை வாங்கி, கட்டையைச் செதுக்கி, வேட்டைத் துப்பாக்கியாக மாற்றினார்களாம். இன்றைக்குக் கை படாத துப்பாக்கிக்குத்தான் விலை அதிகம். பி.காம் படித்த எனக்கு இது சுருக்கென்றது. தேய்மானம் என்றால் நஷ்டக் கணக்கில் எழுதித்தானே பழக்கம்!

குழலை மெருகு போட்டுத் தேய்க்கச் சொன்னார் மச்சான். பாய் சம்மதிக்கவில்லை. ரொம்பத் தேய்த்தால் பொறித்திருக்கும் நம்பர் மழுங்கும், நம்பர் போனால் கேஸ். அதற்குப் பதில் துருவையே மருந்தாக்கும் பழைய முறை ஒன்று உண்டாம். இரும்பில் லேசாகத் துரு பிடிக்க விட்டு, கொதிநீரில் போட்டால் சிவப்புத் துரு கருப்பாக மாறும். அதைக் கம்பித் துரிகையால் மெல்லத் துடைத்து, திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். இதை அவர் சொன்ன நிதானம் இருக்கிறதே, எங்கள் எடிட்டர் பார்த்திருந்தால் நொந்து போயிருப்பார்.

அடுத்தது கட்டை. எடுத்த எடுப்பில் உப்புத்தாள் போட்டால், மரம் இரும்பைவிடத் தாழ்ந்துபோய் அசிங்கமாகிவிடும். பழைய வார்னிஷை மருந்து வைத்துக் கரைத்தார். அமுங்கிய பள்ளங்களில் ஈரத்துணி போட்டு, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்தார். புஸ்ஸென்று ஆவி. நசுங்கிய நார் ஊறி உப்பி, பள்ளம் மேலே எழும்பி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். அறுந்துபோன நார் மட்டும் எழும்பாது.

பிறகு ஆளிவிதை எண்ணெய். சில சொட்டு விட்டு, உள்ளங்கை சுடும்வரை தேய்த்து, காயவிட்டு, மறுபடி. (அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துப் போடுங்கள்.)

வேலை பாதியில் இருக்கும்போது பாய் போன் செய்து வரச் சொன்னார். கட்டையின் இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாக ஒரு திட்டு. ''குறி பார்க்கறப்போ கன்னம் படற இடம். நாற்பது வருஷ வேர்வை. தேய்ச்சா போயிடும். தேய்க்கவா?''

மச்சான் சட்டென்று பதில் சொல்லவில்லை. கட்டையைத் தூக்கி, அந்தத் திட்டில் தன் கன்னத்தை வைத்துப் பார்த்தார். அப்பா இருந்தவரை அதைச் செய்ய முடியாதவர்.

''வேணாம் பாய். டெலஸ்கோப்பும் வேணாம்.''

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

''எல்லாம் சரி, இந்த இடத்தை மட்டும் ஏண்டா அழுக்கா விட்டுட்டான்?''

''அது அப்பாவோட கன்னம்மா.''

மாமியார் திட்டைத் தடவி, விரலை முகர்ந்தார்.

''கன்னமா? காதுல வழிய வழியத் தேங்கா எண்ணெய் தடவிட்டுப் போவாரு. எத்தனை தலகாணி உறை போச்சு எனக்கு!''