அப்பா பார்க்காத ஏரி

எங்கள் வீட்டு ஐஸ் பெட்டியின் கதவில் மூன்று மாதமாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மேலே 'கென்யிர் - ஏப்ரல்' என்று நான் எழுதியது. கீழே நீல மையில் என் பட்டியல். அதை அடித்தும் திருத்தியும் சிவப்பு மையில் என் தங்கை எழுதியவை. கடைசியில் கோணலும் மாணலுமாக ஒரு வரி. அது அப்பாவுடையது.

அப்பாவுக்கு வயது 76. முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு தூண்டில். சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் கள்ளுக்கடைக்குப் போவார்கள். அப்பா மூங்கில் கழியையும் பால் டின்னில் மண்புழுவையும் எடுத்துக்கொண்டு அல்லூர்ப் பக்கம் போவார். நானும் தங்கையும் பின்னால் ஓடுவோம். கெலி, செப்பாட், அதிர்ஷ்டம் இருந்தால் விரால். அதற்குமேல் பெரிய மீனை அவர் பிடித்ததில்லை. பிடிக்கும்படியான தண்ணீர் எங்கள் தோட்டத்தில் இல்லை.

போன வருஷம் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. பேச்சு தப்பியது, நடையும் தப்பியது. இடது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த ஒரு வாரம் கழித்து, தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"ஒரு தடவ பெரிய ஏரியில தோமான் பிடிக்கிறதப் பாக்கணும்டா."

அவர் எதையும் கேட்டுப் பழகாதவர். எங்களுக்கு ஒன்பதும் ஐந்தும் வயதாக இருக்கும்போது அம்மா போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது இதுதான் என்று நினைக்கிறேன். சரி என்று சொல்லிவிட்டேன்.

"ஒங்களுக்குப் புத்தி இருக்கா அண்ணே?" என்றாள் தங்கை. அப்பா அவள் வீட்டில்தான் இருக்கிறார். மாத்திரை கொடுப்பதும் கைக்குப் பயிற்சி கொடுப்பதும் அவள்தான். கேட்க அவளுக்கு உரிமை இருக்கிறது. அதோடு காரணமும் இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு நண்பர்கள் நால்வர் பேராக்கில் ஓர் ஏரிக்குப் போனோம். எங்களில் யாருக்கும் அந்த ஏரி தெரியாது. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் எங்கள் திட்டம். மதியம் ஒரு மணிக்குப் படகு எடுத்தோம். நாலு பேருக்கு இரண்டு மிதவை அங்கி. அவற்றையும் இருக்கைக்கு மெத்தையாகப் போட்டுக்கொண்டோம். நாலு மணிக்கு வானம் கறுத்தது. அவசரமாகத் திரும்பும்போது தண்ணீருக்குள் மறைந்திருந்த மரக்கட்டையில் மோட்டார் விசிறி மோதி உடைந்தது. கைப்பேசியில் இணைப்பு இல்லை. இடியும் மழையுமாக இரண்டு மணி நேரம் மிதந்தோம். எங்களில் ஒருவனுக்கு நீச்சல் தெரியாது. அவன் படகின் விளிம்பைப் பிடித்திருந்த பிடி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வேறொரு படகு வந்து கட்டி இழுத்துப் போனது. தப்பு ஏரியுடையது அல்ல, எங்களுடையது.

அதனால் இந்த முறை முதலில் படித்தேன். இணையத்தில் ஏரி மீன்பிடிப்பு என்று தேடினால் பாதிக்கு மேல் அமெரிக்கர்கள்தான். வசந்தத்தின் தொடக்கத்தில் தெரியாத ஏரியில் 'பாஸ்' மீன் பிடிப்பது எப்படி என்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். குளிர்காலம் முழுவதும் ஆழத்தில் சோம்பிக் கிடக்கும் பாஸ், தண்ணீர் சூடேற ஏற, கரைப்பக்கம் ஆழம் குறைந்த இடத்தைத் தேடி வருமாம். தண்ணீர் சுமார் 15 பாகை செல்சியஸைத் தாண்டும்போது முட்டையிடத் தயாராகுமாம். ஆகவே அவர்கள் முதலில் கையில் எடுப்பது வெப்பமானி.

நமக்கு வசந்தம் ஏது? கென்யிரில் ஆண்டு முழுவதும் தண்ணீர் வெதுவெதுப்புதான். ஆனால் அவர்கள் சொல்வதில் ஒரு பாடம் இருக்கிறது. எந்த ஏரிக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. முதலில் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். திரங்கானுவின் நாட்காட்டியை எழுதுவது வடகிழக்குப் பருவமழை. நவம்பரில் தொடங்கும் மழை மார்ச் வாக்கில் ஓயும். அப்போது ஏரி நிறைந்து கிடக்கும். கரையோரப் புதர்கள் தண்ணீரில் மூழ்கியிருக்கும். பொடி மீன்கள் அங்கே ஒதுங்கும். அவற்றைத் தேடித் தோமான் வரும். ஆறுகள் ஏரியில் கலக்கும் இடங்களில் கலங்கல் தெளியத் தொடங்கும். வயிற்றோரம் கறுப்புப் பட்டை போட்ட செபாராவ், ஓடும் தண்ணீரில் பாறை மறைவில் காத்திருக்கும். எங்கள் 'வசந்தம்' ஏப்ரல் என்று முடிவு செய்தேன்.

இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது பாஸ் பற்றி இன்னொன்றும் சொன்னேன். பெண் மீன் முட்டையிட்டதும் போய்விடும். ஆண் மீன்தான் தனியாகக் கூட்டைக் காவல் காக்கும். குஞ்சு பொரித்த பிறகும் சில காலம் கூடவே இருக்கும்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பொம்பள மீன் திரும்ப வராதா?" என்றார்.

"வராதுப்பா."

"பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்தது வரைபடம். கைப்பேசியில் கென்யிரைச் செயற்கைக்கோள் படத்தில் திறந்தேன். 1978இல் தொடங்கி 1985இல் கட்டி முடித்த அணை அது. மின்சாரத்துக்காகத் திரங்கானு ஆற்றை மறித்தார்கள். மலைக்காடு மூழ்கியது. மலைகளின் உச்சிகள் மட்டும் வெளியே தெரிகின்றன. அவைதாம் இன்று 340 தீவுகள் என்று சுற்றுலா ஏடுகள் சொல்பவை. எனக்கு அந்தப் படத்தில் பச்சையும் நீலமும்தான் தெரிந்தன. அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது ஏரி இல்லடா, முங்கிப்போன காடு" என்றார். பிறகு விரலால் காட்டத் தொடங்கினார். இந்த மேடு இப்படி இறங்குது பார், அப்படின்னா தண்ணிக்கு அடியிலயும் அப்படித்தான் இறங்கும். இந்த ரெண்டு மேட்டுக்கும் நடுவுல ஓடை இருந்திருக்கும். மழைத் தண்ணி இங்கதான் வந்து சேரும். மீன் பழைய பாதைய விடாது.

முப்பது வருஷம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கி மரம் வெட்டிய மனிதர். மழைத் தண்ணீர் எந்த நிரையில் இறங்கி எந்தக் கானில் சேரும் என்று காலால் அறிந்தவர். நான் காணொளி பார்த்துக் கற்க முயன்றதை அவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். அன்று ஏழு இடங்களைக் குறித்தோம்.

தங்கை மட்டும் இறங்கி வரவில்லை. கடைசியில் சிவப்புப் பேனாவை எடுத்துத் தாளில் எழுத ஆரம்பித்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் எழுதியவற்றை அப்படியே தருகிறேன். தெரியாத ஏரிக்கு வயதானவரை அழைத்துப் போகும் யாருக்கும் உதவும்.

ஆளுக்கு ஒரு மிதவை அங்கி, அவரவர் அளவில், நாமே வாங்கியது. படகில் வைத்திருப்பது கணக்கில்லை, போட்டிருப்பதுதான் கணக்கு. விடியற்காலை கிளம்பி, மதியம் ஒரு மணிக்குள் கரை. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழைக்கு உறுதி சொல்ல முடியாது. படகு வீடு வேண்டாம், கரையில் அறை. நடுராத்திரியில் ஏதாவது என்றால் காடி எடுக்கத் தரை வேண்டும். கோலபெராங்கில் மருத்துவமனை இருக்கிறது, வழியைப் பார்த்து வைக்கவும். மாத்திரை இரண்டு செட், ஒன்று தண்ணீர் புகாத டப்பாவில். எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கடைசி வரி: 'நானும் வருவேன்.'

படகோட்டியைத் தொலைபேசியில் பிடித்தேன். வயதான மலாய்க்காரர். பெரிய மீன் கிடைக்குமா என்று நான் கேட்கவில்லை. தண்ணீருக்கடியில் மரம் நிற்கும் இடங்கள் தெரியுமா, எந்த இடத்தில் கைப்பேசி இணைப்பு அறும், படகில் சாய்ந்து உட்கார இருக்கை உண்டா என்று கேட்டேன். "அப்பாவோடு வருகிறீர்களா?" என்று அவரே மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். சாய்வு நாற்காலி ஒன்றைக் கட்டி வைப்பதாகச் சொன்னார்.

எல்லாம் கூடி வந்தது என்று நினைத்தேன். ஒன்றை மட்டும் நான் யோசிக்காமல் தள்ளிப்போட்டிருந்தேன். அப்பாவின் கை.

தோமான் சாதாரண மீன் இல்லை. விரால் குடும்பத்தின் பெரிய உருப்படிகளில் ஒன்று. பற்கள் நரம்பை அறுக்கும். கடித்ததும் மூழ்கிய மரங்களுக்குள் பாயும். முதல் சில நொடிகளில் தடுத்து நிறுத்தாவிட்டால் மீனும் இல்லை, இரையும் இல்லை. அதற்கு இரண்டு கையும் வேண்டும். கழியின் அடியை ஊன்ற இடுப்புப் பட்டை வாங்கினேன். இடது முழங்கையில் கழியைத் தாங்கி, வலது கையால் சுருளைச் சுற்றினால் போதும் என்று கணக்குப் போட்டேன். ஒரு சனிக்கிழமை கிள்ளான் பக்கம் ஒரு கட்டணக் குளத்துக்கு ஒத்திகைக்குப் போனோம்.

இரண்டு கிலோகூட இருக்காது, ஏதோ ஒரு மீன் இழுத்தது. கழி அப்பாவின் இடது கையிலிருந்து வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. நான் குதிக்காத குறையாக எட்டி அதைப் பிடித்தேன். திரும்பிப் பார்த்தபோது அப்பா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். பக்கத்தில் நின்ற தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருத்துவமனையில்கூட அவள் அழுது நான் பார்க்கவில்லை.

வீடு திரும்பும்வரை காடியில் யாரும் பேசவில்லை. பயணத்தை ரத்து செய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு முடியாததை அத்தனை தூரம் கூட்டிப்போய்க் காட்டுவதா?

மறுநாள் காலை பசியாறும்போது அவரே ஆரம்பித்தார்.

"நான் கழியப் பிடிக்கல. எங்க போடணும்னு சொல்றேன், நீ போடு."

"அப்பா..."

"நான் சொன்னது என்ன? தோமான் பிடிக்கிறதப் பாக்கணும்னுதான சொன்னேன். பிடிக்கணும்னா சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தேன். அப்படித்தான் சொல்லியிருந்தார். எனக்குத்தான் சரியாகக் காது கேட்கவில்லை. தன் கையின் நிலைமை எங்கள் எல்லாரையும்விட அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அன்று மாலைதான் பேனாவை வாங்கித் தாளின் அடியில் அந்த வரியை எழுதினார்: 'குஞ்சு மேய்க்கிற மீன் மேல போடக் கூடாது.'

தோமானும் பாஸ் போலத்தான், குஞ்சுகளைக் காவல் காக்கும். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும்போது தண்ணீர் கொதிப்பது போலத் தெரியும். பெரிய மீன் அடியிலேயே இருக்கும். அந்தக் கூட்டத்தின்மேல் இரையை வீசினால் ஆத்திரத்தில் பாய்ந்து கடிக்கும். பெரிய தோமான் பிடிக்க அதுவே சுலப வழி என்று பலர் செய்கிறார்கள். பெரியது போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும்.

அப்பாவுக்கு இது எந்தக் காணொளியும் சொன்னதல்ல. இள வயதில் அல்லூரில் ஒரு விராலை அப்படிப் பிடித்தாராம். மறுநாள் போய்ப் பார்த்தபோது ஒரு குஞ்சுகூட மிச்சமில்லையாம். "அப்ப நீங்க ரெண்டு பேரும் பொறக்கல. அதுக்கப்புறம் நான் போட்டதில்ல" என்றார்.

இதை எழுதும்போது பயணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. கிள்ளானிலிருந்து ஐந்தாறு மணி நேர ஓட்டம். முதல் நாள் போய் ஓய்வெடுத்து, மறுநாள் காலை படகு. குறித்து வைத்த ஏழு இடங்களை அப்பா மூன்றாகக் குறைத்துவிட்டார். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்கப் பறந்தால் எதையும் பார்க்க மாட்டோம் என்கிறார். நேற்று தங்கை அவருக்கு மிதவை அங்கியைப் போட்டு வார்களை இழுத்துச் சரிபார்த்தாள். சின்ன வயதில் பள்ளிக்குக் கிளம்பும்போது அவளுக்குப் பொத்தான் போட்டுவிட்டவர் கையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நின்றார்.

"எறுக்குதாப்பா?"

"இல்ல, சரியா இருக்கு" என்றார். அதைக் கழற்றாமலே போய்த் தொலைக்காட்சி முன் உட்கார்ந்துகொண்டார்.